தேறிய வண்டி

சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்து, ஒவ்வொன்றாக அணையும். ஒன்று மட்டும் அணையாது. இன்ஜின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு. என் கணவர் அதற்கு 'மேலதிகாரி' என்று பேர் வைத்திருந்தார். முறைத்துக்கொண்டே இருக்கும், என்ன வேண்டும் என்று சொல்லாது என்பார். பிறகு, பின் இருக்கையில் அடுக்கிய புத்தகக் கட்டுகள் சரியாதபடி வண்டியை மெல்ல நகர்த்தித் தெருவுக்குக் கொண்டுபோவார்.

அவர் ஒரு பாடநூல் பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி. நான் அதே பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். நான் திருத்திய புத்தகங்களை அவர் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோய்க் காட்டுவார். புத்தகம் எங்கேயாவது எழுத்துப் பிழையோடு வந்துவிட்டால் தலைமை ஆசிரியர் முன்னால் அவர் நெளிய வேண்டும், வீட்டுக்கு வந்து என்னை நெளிய வைப்பார். அப்படி இருபத்து மூன்று வருடம் ஓடியது. அவர் இறந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது. கீழே எழுதுவதில் பாதி நான் நேரில் பார்த்தது. மீதியை, சம்பந்தப்பட்டவர்கள் பிறகு தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள்.

வண்டிக்குப் பத்தொன்பது வயது. மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தபோது, வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினார். அங்கே ஒரு ஸ்கேனரை மாட்டினார்கள். 'ஆக்ஸிஜன் சென்சார்' என்று திரையில் வந்தது. சென்சாரை மாற்றினார்கள், விளக்கு அணைந்தது. ஐந்து நாள் கழித்து மறுபடி எரிந்தது. வேறொரு பட்டறைக்குப் போனார். அவர்களும் ஸ்கேனரை மாட்டினார்கள், அதே சொல் வந்தது, அவர்களும் இன்னொரு புதுச் சென்சாரைப் போட்டார்கள். இந்தத் தடவை விளக்கு ஒரு வாரம் பொறுத்தது.

இதற்கிடையில் வண்டி பெட்ரோலை அளவில்லாமல் குடிக்க ஆரம்பித்திருந்தது. சைலன்சர் குழாயின் வாயில் விரலை வைத்தால் கரி ஒட்டியது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் போய் வந்தால் எனக்கும் தலை வலிக்கும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வோம். வரிக்கு வரி பிழை தேடிச் சம்பளம் வாங்குகிற எனக்கு, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் எப்படித் தலை வலிக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவதாகத்தான் நிதானத்திடம் போனோம். அது அவருடைய பேர் இல்லை. ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வருகிற மனிதர் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்படவும் அவருக்கு நேரம் பிடிக்கும் என்று என் கணவர் சொல்வார். அது ஒரு சனிக்கிழமை. பட்டறையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கார் இருக்கையில் உட்கார்ந்து நான் ஏழாம் வகுப்பு அறிவியல் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நிதானமும் ஸ்கேனரை மாட்டினார். திரையைப் பார்த்தார். ஆனால் சென்சாரைத் தொடவில்லை. சென்சார் தப்பு என்று இந்தப் பெட்டி சொல்லவில்லை, சென்சார் சொல்கிற சேதி தப்பாக இருக்கிறது என்றுதான் சொல்கிறது, இரண்டும் வேறு வேறு என்றார். பிறகு சென்சாரின் கம்பியில் ஒரு சின்ன மீட்டரைக் கோத்து, இன்ஜினை ஓடவிட்டார்.

"இது இன்ஜினோட மூக்கு சார்," என்றார். "வெளிய போற புகையில காத்து மிச்சம் இருக்கான்னு மோந்து பாக்கும். மிச்சம் இருந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். வண்டியோட மூளை இன்னும் கொஞ்சம் ஊத்தும். காத்து இருந்தா மீட்டர் இறங்கும், பெட்ரோல் கூடினா ஏறும். நல்லா இருக்கிற வண்டியில இந்த மீட்டர் ஊஞ்சல் மாதிரி மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கணும்."

மீட்டர் ஆடவில்லை. ஊஞ்சல் கட்டாத கயிறுபோல அடியிலேயே தொங்கியது. மூக்கு செத்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று என் கணவர் கேட்டார். நிதானம் பதில் சொல்லாமல் ஒரு சின்ன எரிவாயு டப்பாவைக் கொண்டுவந்து, இன்ஜின் காற்று இழுக்கிற வாயருகே வைத்து ஒரு கணம் திறந்தார். மீட்டர் சடாரென்று உச்சிக்கு ஏறியது. மூடினார். இறங்கியது. மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் ஏறி இறங்கியது.

மூக்கு உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் அது சொல்வதுபோல் புகையில் உண்மையாகவே காற்று இருக்கிறது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க அவர் இன்ஜின் ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் காற்று வெளியேறும் பக்கத்தை சைலன்சர் குழாயில் செருகி ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, புகை வெளியே போகிற இரும்புக் குழாய்களின் மேல் பிரஷ்ஷால் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே வந்தார். இன்ஜினோடு சேர்கிற இடத்தில், ஒரு தகட்டுக்கு அடியில், நுரை முட்டை முட்டையாக ஊதியது. அவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தை ஓட்டினால் தட்டியது.

அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் நினைவு வைத்திருக்கிறேன். "இந்தக் கீறல் வழியா வெளிக்காத்து உள்ள போகுது. மூக்கு அதை மோந்துட்டு பெட்ரோல் பத்தலைங்குது. மூளை நம்பி மேல மேல ஊத்துது. ஊத்தினது சரியா எரியாம விஷப் புகையா ஆகுது. அதே கீறல் வழியா அந்தப் புகை வெளிய வந்து, முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற காத்துத் துவாரத்துல நுழைஞ்சு, நீங்க உக்காந்திருக்கிற இடத்துக்கு வருது. அதுக்கு வாசனை கிடையாது. உங்களுக்குத் தலைவலி ஏதாவது வருதா சார்?"

"வருது. ஆனா அது ஹெட்மாஸ்டருங்களால வர்றது," என்றார் என் கணவர்.

நிதானம் சிரிக்கவில்லை. வண்டியை இப்போதே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். துருப்பிடித்த போல்ட்டுகள் கழற்றும்போது உடையலாம், பழைய மாடல் என்பதால் அந்தக் குழாய் தேடித்தான் கிடைக்கும், ஒரு வாரமாவது ஆகும் என்றார். பள்ளி திறப்பதற்கு முந்தைய மூன்று வாரங்கள் அவை. எந்தப் பள்ளி எந்தப் புத்தகம் வாங்கும் என்பது அந்த மூன்று வாரத்தில்தான் முடிவாகும். அதில் ஒரு வாரம் வண்டி இல்லாமல் இருப்பது என்றால் அறுவடை நாளில் அரிவாளை அடகு வைப்பதுபோல. என் கணவர் யோசித்துவிட்டு, சீசன் முடிந்ததும் கொண்டுவருவதாகச் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமையோடு புகைச் சான்றிதழ் முடிகிறது என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"சோதனைக்குப் போனா தேறாது சார்," என்றார் நிதானம். "தேறாம இருக்கிறதும் நல்லதுக்குத்தான். தேறலைன்னாத்தான் நீங்க வண்டிய என்கிட்ட விடுவீங்க." பிறகு, அவர் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததால், ஜன்னல் கண்ணாடியை எப்போதும் இறக்கிவைத்தே ஓட்டுங்கள், நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தவர் என் அண்ணன். அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தவர். நான் இன்று ஒரு வாக்கியத்தில் ஒற்றுப் பிழையைக் கண்டுபிடிக்கிறேன் என்றால் அது அவர் போட்ட சோறு. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். நிலையம் தொடங்கிய முதல் ஆறு மாதம் அவர் உள்ளதை உள்ளபடிதான் சோதித்தார். தேறாத வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். அந்த வண்டிகள் எல்லாம் சாலையின் அந்தக் கோடியில் இருந்த இன்னொரு நிலையத்துக்குப் போய் ஐந்து நிமிடத்தில் தேறி வந்தன. போகும் வழியில் இவருக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். ஊரே தேற்றிவிடும்போது நான் மட்டும் கணக்கு வாத்தியாராக இருந்து என்ன பயன் என்று அவர் கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வி வந்த பிறகு அவரும் தேற்றிவிட ஆரம்பிக்க அதிக நாள் ஆகவில்லை.

அவருடைய முறை எளிமையானது. வாங்கி ஒரு வருடம் ஆகாத அவருடைய சொந்தக் கார், நிலையத்தின் ஓரமாக, முகத்தைச் சுவருக்கும் பின்புறத்தை இயந்திரத்துக்கும் காட்டியபடி நாள் முழுவதும் நிற்கும். வருகிற வண்டியின் எண் பலகையை மட்டும் கேமராவில் படம் பிடிப்பார். இயந்திரத்தின் சோதனைக் குழாயைத் தன் காரில் செருகுவார். எல்லா வண்டிக்கும் பதிலாக அதுதான் மூச்சு விடும். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் அந்தக் காருக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார். பெண் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்காருவது ஒரே ஆள் என்பது அவர் நையாண்டி. என் கணவரும் அதைக் கேட்டுவிட்டு, "மச்சான், உங்க வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை போதாதா?" என்று சிரித்திருக்கிறார். எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது.

அண்ணனுக்கு போன் செய்தது என் கணவர் இல்லை. அவருக்கு மனைவி வீட்டாரிடம் ஒன்று கேட்பதென்றால் கூச்சம். நான்தான் செய்தேன். திங்கட்கிழமை மதியம், அலுவலகத்தில், கையில் இருந்த பேனாவைக் கீழே வைக்காமல் பேசினேன். ஒரு சான்றிதழ் வேண்டும், மூன்று வாரம் சமாளிக்க மட்டும் என்றேன். வண்டியில் என்ன கோளாறு என்று அண்ணன் கேட்டார்.

"ஏதோ சென்சாராம்," என்றேன்.

கீறல் என்று சொல்லியிருக்கலாம். விஷப் புகை வண்டிக்குள்ளே வருகிறதாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும். சொன்னால் அண்ணன் மறுத்துவிடுவார் என்பதும் தெரியும். அதனால்தான் அந்தச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

"இதுக்கெல்லாமா கேக்கணும்? என் தங்கச்சி வீட்டு வண்டி தேறாமப் போயிடுமா?" என்றார் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் நிலையத்துக்குப் போனார். அண்ணன் எண் பலகையைப் படம் பிடித்தார். மாப்பிள்ளை மூச்சு விட்டது. சான்றிதழ் அச்சாகி வருவதற்குள் அண்ணன் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கைக் கவனித்தார். வழியில் சோதனைக்காரர்கள் பார்த்தால் வீணாகக் கேள்வி கேட்பார்கள் என்று, கறுப்பு டேப்பில் நகத்தளவு வெட்டி, விளக்கின் மேல் நேர்த்தியாக ஒட்டிவிட்டார். எந்தக் காரியத்தையும் நேர்த்தியாகச் செய்கிற கை அவருக்கு. அன்று மாலை வீட்டுக்கு வந்த என் கணவர், மேலதிகாரிக்கு லீவு கொடுத்தாயிற்று என்று என்னிடம் அறிவித்தார்.

பத்து நாள் அவர் கண்ணாடியை இறக்கிவைத்தே ஓட்டினார். தலைமுடியெல்லாம் தூசியோடு வருவார். தலைவலி குறைந்தது. நான் தினமும் கேட்டேன், கண்ணாடியை இறக்கினீர்களா என்று. இறக்கினேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

பதினோராம் நாள் மழை பெய்தது.

காலை பதினொரு மணிக்கு ஒரு பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியர் கூட்டத்தில் இருக்கிறார், முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொன்னார்கள். வரவேற்பறையில் பெற்றோர் கூட்டம் நிறைந்திருந்ததால் வண்டியிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். பக்கத்து இருக்கையில் அன்று காட்ட வேண்டிய மாதிரிப் பிரதிகள் இருந்தன. மழை சாய்ந்து அடித்தது. புத்தகம் நனையாமல் இருக்கக் கண்ணாடியை ஏற்றினார். ஏற்றியதும் உள்ளே ஆவி படர்ந்து எதுவும் தெரியவில்லை, பள்ளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் தெரிய வேண்டும். அதனால் இன்ஜினை ஓடவிட்டு, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பிவைத்தார். பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளியின் கடைநிலை ஊழியர் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். தூங்குகிறார் என்று நினைத்து மறுபடி தட்டினார். மூன்றாம் தடவை தட்டிவிட்டுக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒரு சொட்டு நனையவில்லை.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் என்னிடம் வந்து, வண்டி எப்படிப்பட்டது என்று கேட்டார். உதடும் நகமும் வழக்கத்துக்கு மாறான சிவப்பாக இருக்கின்றன, விஷப் புகையோ என்று சந்தேகமாக இருக்கிறது, இரத்தம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். அப்போது காவல் நிலையத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். வண்டியின் பெட்டியில் இருந்து எடுத்த சான்றிதழை மருத்துவரிடம் காட்டினார். பதினோரு நாளைக்கு முன்னால் தேறிய வண்டி. கார்பன் மோனாக்சைடு சுழியம் புள்ளி சுழியம் இரண்டு. இதைவிடச் சுத்தமான வண்டி ஷோரூமில்தான் இருக்கும் என்றார். சட்டைப் பையில் இரத்த அழுத்த மாத்திரை இருந்தது, வயது ஐம்பத்திரண்டு, நாள் முழுக்க அலைச்சல். இதயம் நின்றதால் மரணம் என்று அதிகாரி தன் அறிக்கையில் எழுதி என்னிடம் கொடுத்தார். பழக்கத்தில் அதை வரி வரியாகப் படித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

எனக்குத் தெரியும். நிதானத்துக்கும் தெரியும். அவர் துக்கத்துக்கு வந்து, வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அண்ணனுக்கு மட்டும் தெரியாது. அவர் மூன்று நாள் சாப்பிடாமல் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால் போன உயிர் வராது, இருக்கிற ஒரே அண்ணனும் போய்விடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதும் சின்னச் சொல்லாகத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து வண்டியைத் திருப்பித் தந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க உனக்குக் கஷ்டம், விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவராக ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரர். தைத்த துணிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூடவே வந்திருந்தார்கள். பிள்ளைகள் வந்ததும் பின் கதவைத் திறந்து ஏறி, இருக்கையில் குதித்துப் பார்த்தார்கள்.

வண்டி பழசாக இருக்கிறதே என்று தையல்காரர் இழுத்தார். அண்ணன் சான்றிதழை எடுத்து நீட்டினார். "வயசைப் பாக்காதீங்க. போன மாசம்தான் சோதனையில தேறின வண்டி," என்றார். சொல்லிவிட்டு, இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள் என்று வெளியே நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். நான் வாசலில் நின்றிருந்தேன். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். 

பெரியவளுக்கு ஏழு வயது இருக்கும். முன் இருக்கைக்குத் தாவி, ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடினாள். எதையாவது பிய்க்காமல் இருக்க முடியாத வயது. டேப்பின் ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தாள்.

"அப்பா, இங்க ஒரு லைட்டு ஒளிஞ்சிக்கிட்டு இருந்திச்சு," என்றாள்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தையல்காரர் குனிந்து பார்த்து, இது என்ன விளக்கு என்று அண்ணனைக் கேட்டார். ஏதோ சென்சார் என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"சென்சார் இல்ல அண்ணா," என்றேன். "குழாயில கீறல். விஷப் புகை உள்ள வருது. அன்னைக்கே எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லல."

 அண்ணன் முதலில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். கையை நீட்டிச் சிறுமியைத் தூக்கி வெளியே விட்டார். பின்னால் இருந்த சின்னவனையும் தூக்கி விட்டார். நான்கு கதவுகளையும் திறந்துவைத்தார். பிறகு தையல்காரரிடம், வண்டி விற்பதற்கு இல்லை என்று சொல்லி, அவர் கையில் இருந்த சான்றிதழை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் நானும் அண்ணனும் நிதானமும் விசாரணை அதிகாரியிடம் போனோம். முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்று அவர் கேட்டார். வண்டி தேறியிருக்கிறதே என்று தாளைத் தட்டினார்.

"சோதனைக் குழாயை நான் இந்த வண்டியில வைக்கவே இல்ல சார்," என்றார் அண்ணன்.

உரிமம் போகும், வழக்கு வரும் என்று அதிகாரி எச்சரித்தார். வந்தால் வரட்டும் என்று அண்ணன் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாம் வரிசையாக நடந்தன. அதிகாரியின் முன்னிலையில் அதே இயந்திரத்தின் குழாயை முதல்முறையாக எங்கள் வண்டியில் செருகினார்கள். எண் ஏறிய வேகத்தைப் பார்த்து அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் இரத்தத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். சோதித்தார்கள். அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. என் கணவரைக் கொன்றது இதயம் இல்லை.

அண்ணனின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தபோது நானும் வாங்கிப் படித்தேன். 'உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில்' என்று இருந்தது. பேனாவை எடுத்து 'உறவினர் ஒருவர்' என்பதை அடித்து, மேலே 'என் தங்கை, கோளாறை மறைத்து' என்று எழுதினேன். அதெல்லாம் தேவையில்லை அம்மா என்றார் அதிகாரி. பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன்.

உரிமம் போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. நிலையத்தை மூடிய பிறகு ஒரு நாள் பெயர்ப் பலகையை இறக்கப் போனோம். அண்ணன் ஏணியில் ஏறியிருந்தார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பழைய கார் வந்து நின்றது. முப்பது வயது இளைஞர். சான்றிதழ் வேண்டும் என்றார். கடை மூடியாயிற்று, வேறிடத்தில் உண்மையாகச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் மேலிருந்தே சொன்னார். உண்மையாகச் சோதித்தால் தேறாது, அதற்காகத்தானே இங்கே வந்தேன் என்று அவர் சிரித்தார். ஒரு விளக்கு எரிகிறது, அதற்காக யார் நாலு நாள் வண்டியைப் பட்டறையில் போடுவது என்றார்.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே அண்ணே. நீங்க மட்டும் எப்ப அரிச்சந்திரன் ஆனீங்க?"

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். கையில் இருந்த திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபம் இல்லாமல்தான் பேசினார்.

"தம்பி, தேறாத வண்டிக்குத் தேறினதா எழுதிக் குடுக்கிறதை உதவின்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷம் செஞ்சேன். அது உதவி இல்ல. எரியற விளக்கை மூடினா கோளாறு போகாது, அது அங்கேயே உக்காந்து ஆளைத் தின்னும். வேண்டியவங்களா இருந்தா அவங்களுக்குத்தான் முதல்ல முடியாதுன்னு சொல்லணும். அன்னைக்கு நான் தேறலைன்னு ஒரு தாள் குடுத்திருந்தா, இவ வீட்டுக்காரர் என் மேல கோவமா இருந்திருப்பாரு. ஒரு மாசம் பேசாம இருந்திருப்பாரு."

ஏணியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "ஆனா இருந்திருப்பாரு."